குளிக்கவா, பார்க்கவா? சென்னைக் குடும்பத்துக்கு எந்தக் கடற்கரை

மார்ச் பிறந்தால் போதும், எங்கள் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரப் பேச்சு லீவுக்குத் தாவிவிடும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தபிறகு எங்கள் மேஜையில் "கடல் பக்கம் எங்கேயாவது சொல்லுங்களேன்" என்ற குரல்தான் அதிகம். மாமல்லபுரமா, பாண்டியா, ராமேஸ்வரமா, இல்லை காசைப் பார்க்காமல் அந்தமானா என்று நாலு பேர் நாலு பக்கம் இழுப்பார்கள். நான் இந்த நாலுக்கும் அம்மா, இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர் என்று ஐந்து பேராகப் போய் வந்தவள். பட்டதைச் சொல்கிறேன்.

"சென்னையில் இருந்துகொண்டு கடலுக்கா லீவு?" என்று என் வீட்டுக்காரர் முதல் தடவை கேட்டார். நியாயமான கேள்விதான். பெசன்ட் நகருக்கு ஒரு ஆட்டோ போதும். ஆனால் அங்கே போய் என்ன செய்கிறோம்? கணுக்கால் நனைகிறது, சோளம் தின்கிறோம், திரும்பி வருகிறோம். இடுப்பளவு தண்ணீரில் இறங்க ஆசைப்பட்டால் விசில் ஊதுவார்கள், ஊதவும் வேண்டும்.

முடிவு எடுக்கும் முன் வீட்டில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடலில் குளிக்கப் போகிறோமா, கடலைப் பார்க்கப் போகிறோமா? எங்கள் வீட்டுச் சண்டை பாதி இதில்தான் தீர்ந்தது. பிள்ளைகளுக்குக் குளிக்க வேண்டும், அம்மாவுக்குப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் அறை போட்டால் ஒரு கூட்டம் அழும், இன்னொரு கூட்டம் கால்வலியோடு மணலில் நிற்கும்.

## எதை வைத்து அளப்பது

முதலில் அலை. நம் கிழக்குக் கரையில் பெரும்பாலான இடங்களில் கரையை ஒட்டியே ஆழம் இறங்கும். அலை திரும்பும்போது காலடி மணலையும் பறித்துக்கொண்டு போகும். எல்லாப் பக்கமும் அலை நுரைத்துக்கொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் சாதுவாகத் தெரிந்தால், "இங்கே அலையே இல்லை, இங்கே இறங்கலாம்" என்று தோன்றும். அந்தப் பட்டை வழியாகத்தான் தண்ணீர் கடலுக்குள் திரும்பி ஓடிக்கொண்டிருக்கும். அதில் மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். எட்டு வயதுப் பையனிடம் இதை எதிர்பார்க்க முடியாது. அதனால் உயிர்காப்பாளர் நிற்கிற இடமா என்பது குளிக்கிற குடும்பத்துக்கு முதல் அளவுகோல்.

அடுத்தது நடுப்பகல். இதை யாரும் யோசிப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை, சாயங்காலம் நாலரையிலிருந்து இருட்டும் வரை, அவ்வளவுதான் கடற்கரை. நடுவில் எட்டு மணி நேரம் இருக்கிறது. அந்த எட்டு மணி நேரத்துக்கு நிழலில் பார்க்க ஏதாவது இருக்கிறதா, இல்லை அறையிலேயே கிடக்க வேண்டுமா?

மூன்றாவது, பயண நேரமும் பெரியவர்களின் முழங்காலும். நான்காவது, விளம்பரத்தில் தெரியாத செலவு. இதில் நான் கெட்டிக்காரி ஆனது அடிபட்டுத்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதி. அறை வாடகை 6,500 என்று பார்த்துப் போட்டோம். அம்மாவுக்கு ஒரு எக்ஸ்ட்ரா பெட் 1,500. பன்னிரண்டு தாண்டிய பெரியவளும் "அடல்ட்" என்பதால் இன்னொரு 1,500. நீச்சல் குளத்தில் பருத்தித் துணியோடு இறங்கக் கூடாது, நைலான்தான் வேண்டும் என்றார்கள். அதை அவர்களே 700 ரூபாய்க்கு விற்றார்கள், இரண்டு வாங்கினோம். வரியும் சேர்ந்து பதினோராயிரத்தைத் தாண்டிவிட்டது. "கடல் பார்த்த அறை" என்று போட்டிருந்ததே, அது எங்கே என்று தேடினால், குளியலறையில் வாளியைக் கவிழ்த்து ஏறி நின்றால் ஜன்னல் வழியாக ஒரு நீலக்கோடு தெரிந்தது. சின்னவன் மட்டும் அதை இன்றுவரை பெருமையாகச் சொல்கிறான்.

வரியில் ஒரு சூட்சுமம். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்குள் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், அதைத் தாண்டினால் 18. ஐந்து பேர் 8,000 ரூபாய் அறை ஒன்றில் நெருக்கியடிப்பதைவிட, நாலாயிரத்துச் சொச்சத்தில் இரண்டு அறை எடுப்பது பல சமயம் கட்டுப்படியாகும். கழிப்பறையும் இரண்டாகும்!

## நாலும் ஒரே பார்வையில்

| | மாமல்லபுரம், கோவளம் | புதுச்சேரி | ராமேஸ்வரம் | அந்தமான் |
|---|---|---|---|---|
| பயணம் | காரில் ஒன்றரை மணி | காரில் மூன்று, மூன்றரை மணி | ஒரு இரவு ரயில் | இரண்டரை மணிக்குள் விமானம், பிறகு கப்பல் |
| குறைந்தது எத்தனை நாள் | 1 இரவு | 2 இரவு | 2 இரவு, ரயில் தனி | 5 இரவு |
| குளிக்க | கோவளத்தில் மட்டும் | ஈடன் கடற்கரையில் | பாக் நீரிணைப் பக்கம் நன்று | மிக நன்று |
| பார்க்க | நன்று | மிக நன்று | மிக நன்று | மிக நன்று |
| நடுப்பகல் | குறையில்லை | நன்று | கோயில், நடை சாத்தினால் அறை | அறைதான் |
| மே மாதத்தில் | வெயில் | வெயில், கூட்டம் | வெயில், ஆனால் அமைதியான கடல் | கடைசி வாரங்களில் மழை |

## மாமல்லபுரம், கோவளம்: ஒரு நாள் ராசா

சனிக்கிழமை காலையில் நினைத்து அன்றைக்கே கிளம்பக்கூடிய ஒரே இடம் இது. சுமார் 55 கிலோமீட்டர். கார் இல்லாவிட்டால் மாநகரப் பேருந்தே போகிறது.

ஆனால் மாமல்லபுரக் கடல் குளிப்பதற்கு அல்ல. கடற்கரைக் கோயிலுக்குப் பக்கவாட்டில் பாறையும் இழுப்பும் சேர்ந்த கரை. கண்ணெதிரே பத்துப் பேர் குளிக்கிறார்கள் என்பதற்காக இறங்காதீர்கள். குளிக்க வேண்டுமென்றால் வழியிலேயே கோவளத்தில் நில்லுங்கள். சுத்தமும் பாதுகாப்பும் பார்த்துக் கடற்கரைகளுக்குத் தருகிற நீலக்கொடிச் சான்று அதற்கு 2021-இல் கிடைத்தது. உயிர்காப்பாளர், உடை மாற்ற இடம், உப்பு போக நல்ல தண்ணீர்க் குளியல், சுத்தமான கழிப்பறை இவையெல்லாம் அந்தச் சான்றுக்கான நிபந்தனைகள். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு நல்ல தண்ணீர்க் குழாயின் அருமை தெரியும். உப்பும் மணலுமாகப் பிள்ளையைக் காரில் ஏற்றினால் ஊர் வரும்வரை அரிப்பும் அழுகையும்தான்.

நடுப்பகலுக்குத் தட்டுப்பாடே இல்லை. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் (செவ்வாய் விடுமுறை), வடநெம்மேலியில் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை. மாமல்லபுரம் சிற்பங்களுக்கு நாற்பது ரூபாய் டிக்கெட், பதினைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு இலவசம். ஆனால் ஐந்து ரதம் பக்கம் பதினொரு மணிக்குப் போனால் வெறுங்கால் வைக்க முடியாது. காலை ஆறரைக்கே அதை முடித்துவிட வேண்டும். அம்மாவுக்கு அர்ஜுனன் தபசு போதும். சாலையோரமே நின்று பார்த்துவிடலாம், படி இல்லை, மணல் இல்லை. அந்தப் பாறையில் தவம் செய்கிற பூனையைச் சின்னவன் கண்டுபிடிக்கிறவரை நகர மாட்டான்.

இங்கே மறைந்திருக்கிற செலவு பணமல்ல, ஞாயிறு சாயங்காலம். ஐந்து மணிக்குக் கிளம்பினால் உத்தண்டி சுங்கச்சாவடியில் ஊர்ந்து, நீலாங்கரையில் நின்று, திருவான்மியூர் வரும்போது பிள்ளைகள் பின்சீட்டில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஞாயிறு இரவு தங்கி திங்கள் விடியலில் கிளம்புங்கள். அறை வாடகையும் அன்று இறங்கிவிடும். கடற்கரை மீன் வறுவல் கடைகளில் மீனைக் காட்டும்போதே விலையைக் கேட்டுவிடுங்கள். எண்ணெயில் போட்டபின் கேட்டால் அது வேறு விலை.

எப்போது இதுவே சரி? ஒரு நாள் லீவு, கைக்குழந்தை, கையில் சுமாரான பணம். அல்லது "கடலே வேண்டாம், நீச்சல் குளம் போதும்" என்கிற பிள்ளைகள். அப்படியும் இருக்கிறார்கள்.

## புதுச்சேரி: பெரியவர்களின் கடற்கரை

பார்க்கப் போகிறவர்களுக்கு நம் பக்கத்தில் பாண்டிக்கு இணை இல்லை. காந்தி சிலை இருக்கிற அந்தக் கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலை ஏழரை வரை நடக்கிறவர்கள் ராஜ்ஜியம். மணலில் கால் புதையாமல், கையில் காபியோடு, கடலுக்கு ஐந்தடியில் உட்காரலாம். முழங்கால் வலிக்காரர்கள் உள்ள வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? அம்மா இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் ஜாதகத்தையே கணித்துவிட்டார்.

பிள்ளைகள் "மணல் எங்கே?" என்று கேட்டார்கள். ஒரு காலத்தில் அங்கே மணல் இருந்தது. நம் கிழக்குக் கரையில் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. எண்பதுகளில் தெற்கே துறைமுகத்துக்குக் கல்லைக் கொட்டிச் சுவர் கட்டியதும் அந்த ஓட்டம் நின்றது. ஊருக்கு முன்னால் இருந்த மணலைக் கடல் தின்றது. சாலையைக் காப்பாற்றத்தான் அந்தக் கருங்கற்கள். பிறகு கடலுக்கடியில் ஒரு தடுப்பை அமைத்ததில் ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. கற்களில் ஏறி செல்ஃபி எடுக்க விடாதீர்கள், பாசி வழுக்கும்.

குளிக்க வேண்டுமென்றால் சின்ன வீராம்பட்டினத்தில் ஈடன் கடற்கரை. கோவளத்தோடு சேர்ந்து நீலக்கொடி வாங்கியது. சுண்ணாம்பாற்றிலிருந்து படகில் போகிற பாரடைஸ் கடற்கரைதான் எல்லோருக்கும் தெரியும். படகுக்கு வரிசை, திரும்பவும் படகுக்கு வரிசை. விடுமுறை நாளில் போனால் கடலைவிட வரிசையைத்தான் அதிகம் பார்த்தோம். அலையும் அங்கே பலமானது.

நடுப்பகலுக்கு வெள்ளை நகரத்தின் மரநிழல் தெருக்கள், அருங்காட்சியகம், ஈஸ்வரன் கோவில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு. பாரதி 1908 முதல் பத்தாண்டுகள் இந்த ஊரில்தான் இருந்தார். கைக்குழந்தையோடு போகிறவர்கள் கவனிக்க: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை அரவிந்தர் ஆசிரமத்துக்குள் விடமாட்டார்கள். ஒருவர் வெளியே குழந்தையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

குறை என்றால் சனி, ஞாயிறு. சென்னையும் பெங்களூரும் ஒரே நேரத்தில் வந்து இறங்குகின்றன. வாடகை ஏறும், கார் நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போகும், மலிவான மதுவுக்காக வந்த கூட்டம் இரவில் சத்தம் போடும். செவ்வாய், புதன், வியாழன் என்று லீவு போட முடிந்தால் அதே ஊர் வேறு ஊராக இருக்கும். வண்டியை விடுதியிலேயே விட்டுவிட்டு நடங்கள்.

## ராமேஸ்வரம்: என் ஓட்டு இதற்குத்தான்

"அது கோயில் ஊராயிற்றே, பீச் ஹாலிடேயா?" என்று கேட்காதவர்கள் இல்லை. நானும் அம்மாவின் தீர்த்த ஆசைக்காகத்தான் முதலில் போனேன். பிள்ளைகள் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலில் உட்கார்ந்து விளையாடியது அங்கேதான்.

காரணம் எளிது. தீவுக்கு வடக்கே பாக் நீரிணை. ஆழம் குறைவு, எதிரே இலங்கை மறைத்து நிற்கிறது, அதனால் பெரிய அலை எழும்ப இடமில்லை. தெற்கே மன்னார் வளைகுடா, அது திறந்த கடல். ஊர்க்காரர்கள் பாக் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் மன்னார் பக்கம் கொந்தளிக்கும், பாக் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வந்தால் குணம் மாறிவிடும். அப்போது வடக்குப் பக்கம் கலங்கும். நம் பள்ளி லீவு மே மாதத்தில் என்பதால் கணக்கு நமக்குச் சாதகம்.

குளிக்க நான் சொல்வது அரியமான் கடற்கரை. ராமநாதபுரத்திலிருந்து வரும்போது பாம்பன் பாலத்துக்கு முன்பே பிரிகிற வழி. நீண்ட கரை, பின்னால் சவுக்குத் தோப்பு நிழல், வெகுதூரம் நடந்தாலும் முழங்கால் தண்ணீர். சின்னவன் அங்கே மல்லாந்து படுத்துக்கொண்டு, "அம்மா, கடல் தூங்குது" என்றான். கோவா மாதிரி கண்ணாடித் தண்ணீரை எதிர்பார்க்காதீர்கள். அடியில் சில இடம் சேறு, கரையில் கடற்புல் ஒதுங்கிக் கிடக்கும். அக்னி தீர்த்தத்திலும் அலை இல்லைதான். ஆனால் தீர்த்தமாடுகிறவர்கள் விட்டுப்போன துணி காலில் சுற்றும் இடத்தில் பிள்ளைகளை விளையாட விட எனக்கு மனம் வரவில்லை.

தனுஷ்கோடி பார்ப்பதற்கு மட்டும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். இடிந்த தேவாலயமும் ரயில் நிலையச் சுவரும் இன்னும் நிற்கின்றன. அரிச்சல்முனை வரைக்கும் இப்போது தார்ச்சாலை, அம்மா காரிலிருந்தே இரண்டு கடலையும் பார்த்துவிட்டார். முனையில் தண்ணீரில் இறங்க வேண்டாம். சாயங்காலம் ஆனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், முன்னதாகவே போய்விடுங்கள்.

ரயிலே பாதி லீவு. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோய், இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் மண்டபத்தோடு இறங்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்தபிறகு மறுபடியும் தீவுக்குள்ளேயே போய் இறங்கலாம். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும் பாலம். பெரியவள் விடியற்காலையில் ஜன்னலை விட்டு நகரவில்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. மே மாத டிக்கெட் அன்று காலையே பறந்துவிடும்.

மறைந்திருக்கிற செலவு: ஊருக்குள் எல்லா இடத்துக்கும் ஆட்டோ அல்லது வாடகைக் கார்தான். நாள் வாடகையை முதலிலேயே பேசி, அரியமானையும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் அது தனி. நடுப்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் வெளியே ஒன்றும் செய்ய முடியாது, ஏசி அறையில் கஞ்சத்தனம் வேண்டாம். கோயிலைச் சுற்றி சைவக் கடைகள்தான் அதிகம். மீனுக்காகவே கடலுக்குப் போகிற வீடாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரை முழுவதும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப் படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும். இது பாண்டிக்கும் மாமல்லபுரத்துக்கும் சேர்த்துத்தான்.

## அந்தமான்: பணம் இருந்தால் மட்டும் போதாது

அழகைப் பற்றி வாதமே இல்லை. சுவராஜ் தீவின் (பழைய ஹேவ்லாக்) ராதாநகர் கரையில் வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், மெல்லிய அலை. கடைக்காரர்கள் பலரிடம் தமிழிலேயே பேசலாம். அம்மாவுக்கு அதுவே பெரிய நிம்மதி.

ஆனால் கணக்குப் பாருங்கள். விமான டிக்கெட் ஐந்து, தீவுக்குப் போகக் கப்பல் டிக்கெட் ஐந்து, திரும்பவும் ஐந்து, ஒவ்வொரு இறங்குமிடத்திலும் டாக்ஸி. கடல் மோசமானால் கப்பல் நிற்கும், அன்றைய அறைப் பணம் போனது போனதுதான். அதனால் திரும்புகிற விமானத்துக்கு முந்தைய இரவைத் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திலேயே (பழைய போர்ட் பிளேர்) வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரியும் அங்கேதான், மற்ற தீவுகளில் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தக்காரர்கள் மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மே லீவுக்கு இது பொருந்தாது என்பேன். தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடுவதே அந்தமானைத்தான், மே இருபது வாக்கில். ஜனவரியிலிருந்து ஏப்ரல் பாதி வரைதான் சரியான காலம். அதாவது பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வேண்டும், அல்லது முழுஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே கிளம்ப வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் என்பதையும் திட்டத்தில் சேருங்கள். பிள்ளைகள் பொறுக்கிய சிப்பி, பவளத்துண்டு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், எடுத்து வரத் தடை. எங்கள் வீட்டில் விமான நிலைய வாசலில் ஒரு டவுசர் பை காலியானது, கண்ணீரோடு.

## பாண்டிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் ஒன்று

கூட்டமும் வேண்டாம், கோயில் வரிசையும் வேண்டாம், குளிக்கவும் அவசியமில்லை என்றால் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, அதன் முன்னால் கடல், அலையில் பாதி கரைந்த மாசிலாமணிநாதர் கோயில். மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து சாலை. தங்குமிடம் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் இரண்டாம் நாள் "போரடிக்குது" ஆரம்பித்துவிடும்.

இந்த மே மாதத்துக்கு எங்கள் வீட்டில் மறுபடி ராமேஸ்வரம். அம்மாவுக்கு லோயர் பெர்த் கிடைத்தாயிற்று, பெரியவளுக்குப் பாலம் பக்கத்து ஜன்னல். நைலான் டவுசர் இரண்டை இந்தத் தடவை ரங்கநாதன் தெருவிலேயே வாங்கி வைத்துவிட்டேன்; ஜோடி முந்நூறு.